படிக்கட்டில் ஒலித்த பாதங்கள்



1949ஆம் ஆண்டு நவம்பர் திங்களின் இறுதி. அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வாழும் ஹார்லெம் பகுதியில், சிறுவர் சிறுமியர் தங்கள் அன்புக்குரிய ஒருவருக்கு விடை கொடுக்கும் பொருட்டுப் பள்ளிகள் பாதி நாளிலேயே மூடப்பட்டன. படைப்பிரிவு ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் அவரது உடல் மக்கள் பார்வைக்காக வைக்கப்பட்டிருந்தது. பல்லாயிரவர் வரிசையில் வந்து வணங்கிச் சென்றனர். பின்னர் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினராகவும் அவ்வாலயத்தின் போதகராகவும் விளங்கிய ஆடம் கிளேட்டன் பவல், மறைந்தவரைப் புகழ்ந்து உரையாற்றினார்.

இத்துணைச் சிறப்புடன் விடைபெற்றவர் நாட்டை ஆண்ட தலைவர் அல்லர். போரில் வென்ற தளபதியும் அல்லர். அவர் ஒரு நடனக்காரர். பெயர் பில் ராபின்சன். மக்கள் அவரைப் 'போஜாங்கிள்ஸ்' என்று செல்லமாக அழைத்தனர்.

வாழ்நாளில் இருபது லட்சம் டாலருக்கும் மேலாக ஈட்டியவர் என்று மதிப்பிடப்பட்ட அம்மனிதரிடம், கண் மூடியபோது, தம் அடக்கச் செலவுக்கான பணமும் இல்லை. எட் சல்லிவன் என்ற நண்பர், புகழ் பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர், அச்செலவை ஏற்றுக்கொண்டார்.

இது வெற்றி பெற்ற வாழ்க்கையா, வீணான வாழ்க்கையா? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு, அவர் வாழ்க்கைக் கதையைச் சிறிது பார்ப்போம்.

பாட்டி வளர்த்த பிள்ளை

வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகர் ரிச்மண்ட். அங்கே 1878ஆம் ஆண்டு மே திங்கள் 25ஆம் நாள் அவர் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தை இயந்திரப் பட்டறைத் தொழிலாளி. தாய் ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவர். பிள்ளை ஏழு வயதை அடைவதற்குள் இருவரும் இறந்தனர். தாயும் தந்தையுமற்ற குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு பெடிலியா என்ற முதிய பாட்டியின் தோள்களில் விழுந்தது. அவர் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்.

பிறந்தபோது இட்ட பெயர் லூத்தர். அப்பெயர் சிறுவனுக்குப் பிடிக்கவில்லை. தம்பியின் பெயராகிய 'பில்' என்பதைத் தான் எடுத்துக்கொண்டு, தம்பியை வேறு பெயர் வைத்துக்கொள்ளச் செய்துவிட்டான்! சிறுவயதுக் குறும்புதான். ஆயினும் தனக்கு அளிக்கப்பட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளாத ஓர் உள்ளம் அப்போதே அங்கே இருந்தது என்பதையும் இது காட்டுகிறது.

பாட்டி கண்டிப்பான பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். நடனம் என்பது பாவத்தின் வாயில் என்று எண்ணியவர். பேரனோ, பீர் விற்கும் தோட்டங்களின் வாயிலில் ஆடிக் காசு பெற்று வந்தான். செருப்புத் துடைத்தும் சில்லறை ஈட்டினான். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை.

பாட்டியைக் குறை கூற நமக்கு மனம் வராது. பசியோடும் ஆபத்தோடும் அனாதைப் பேரர்களை வளர்த்த மூதாட்டிக்குத் தெருவும் மதுக்கடை வாயிலும் அச்சந் தந்ததில் வியப்பில்லை. ஆனால் ஆடற்கலையே தீயது என்று கூறிவிட முடியுமா? உடன்படிக்கைப் பேழையின் முன்பாகத் தாவீது அரசர் ஆடியதையும், அதைச் சன்னலினின்று கண்ட அவர் மனைவி உள்ளத்தில் இகழ்ந்ததையும் சாமுவேல் நூலில் நாம் வாசிக்கிறோம். இகழ்ச்சி ஆட்டத்தில் இல்லை. பார்த்த கண்ணில் இருந்தது.

பல்சுவை மேடை

அந்நாளில் அமெரிக்க மக்களின் பெரும் பொழுதுபோக்காக விளங்கியது 'வாட்வில்' என்னும் பல்சுவை மேடை. வானொலியும் பேசும் படமும் வராத காலம் அது. ஒரே மாலையில், ஒரே சீட்டுக்கு, எட்டு ஒன்பது நிகழ்ச்சிகள்: கழைக்கூத்து, பழக்கிய விலங்குகள், பாட்டு, நகைச்சுவை உரையாடல், மாயவித்தை, குறுநாடகம், நடனம். குடும்பத்தோடு காணத்தக்க தூய்மையான நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்து, மதுக்கடை மேடைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து வளர்த்தனர் முதலாளிகள். நாடெங்கும் அரங்குகளைச் சங்கிலிபோல் இணைத்துக் கீத், ஆர்பியம் போன்ற நிறுவனங்கள் கலைஞர்களை ஊர் ஊராக அனுப்பின. நாளொன்றுக்கு இரண்டு காட்சிகள் ஆடும் பெரிய அரங்குகளில் இடம் பெறுவதே ஒவ்வொரு கலைஞரின் கனவாக இருந்தது. சிறிய அரங்குகளில் நாளுக்கு மூன்று, நான்கு என்று ஆடியே களைத்துப் போவார்கள்.

அம்மேடையில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளையினப் பாடகி ஒருத்தி நடுவில் நின்று பாட, அவளைச் சுற்றிக் கறுப்பினச் சிறுவர் சிலர் ஆடிக் கைதட்டல் பெற்றுத் தருவர். பாராட்டு பாடகிக்கு, உழைப்பு சிறுவருக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ராபின்சன் சேர்ந்தது அத்தகையதொரு குழுவில்தான்.

1900ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு நடனப் போட்டி நடந்தது. அக்காலத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த ஹாரி ஸ்விண்டன் என்ற ஆட்டக்காரரை அங்கே எதிர்கொண்டு, பெயரறியாத இளைஞர் ராபின்சன் வென்றார். மேடை உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு தடைகள்

ஆனால் திரும்பிப் பார்த்த உலகம் இரண்டு நிபந்தனைகளை அவர்முன் வைத்தது.

முதலாவது, முகப்பூச்சு. கறுப்பின மக்களை நகையாடும் பொருட்டு வெள்ளையர் தம் முகத்தில் கரிந்த தக்கையின் கரியைப் பூசி ஆடும் இழிந்த வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அவ்வழக்கம் முற்றி, கறுப்பினக் கலைஞரும் தம் முகத்தில் அதே கரியைப் பூசிக்கொண்டு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பாக மாறியது. பெர்ட் வில்லியம்ஸ் போன்ற மாபெரும் கலைஞரும் அதற்கு உட்பட்டே ஆடினார். இறைவன் தந்த நிறத்தின்மேல் மனிதன் பூசிய அவமானம் அது!

இரண்டாவது, தனியே மேடையேறக் கூடாது என்பது. வெள்ளையர் நடத்திய வாட்வில் அரங்குகளில் கறுப்பினக் கலைஞர் இருவராகத்தான் தோன்றலாம். ஒருவர் தனித்து நின்று அவையைக் கவரக் கூடாது என்ற எழுதாச் சட்டம் நிலவியது. ஒரு மனிதன் தனியே நின்றால் அவனை ஒரு மனிதனாகப் பார்க்க நேரிடும். இருவராகக் கோமாளித்தனம் செய்தால் அந்தத் தொல்லை இல்லையன்றோ?

1902ஆம் ஆண்டில் ஜார்ஜ் கூப்பர் என்பவரோடு ராபின்சன் இணைந்தார். கூப்பர் கண்ணியமாக உடுத்திப் பேசுவார். ராபின்சன் கோமாளியாக வருவார். பன்னிரண்டு ஆண்டுகளளவு இருவரும் நாடெங்கும் ஆடினர். ஆட்டத்தில் உயர்ந்த ராபின்சன், இரட்டையர் என்ற கட்டுக்குள் நகைப்புக்குரியவராகவே நின்றார். ஆயினும் முகத்தில் கரி பூச அவர் இணங்கவில்லை. கறுப்பினக் கலைஞருள் பூச்சின்றிச் சொந்த முகத்தோடு வாட்வில் மேடையில் தோன்றிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

மேடைக்கு வெளியே நிலைமை இன்னும் கொடியது. 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று, இரயில் வண்டியில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி ஒதுக்குவது சட்டத்துக்கு முரணன்று என்று கூறிவிட்டது. அதன் நிழலில் பள்ளி, உணவகம், தங்கும் விடுதி, குடிநீர்க் குழாய் யாவும் இரண்டாகப் பிரிந்தன. மாலையில் ராபின்சனுக்காகக் கைதட்டிய ஊரிலேயே, இரவில் படுக்கைக்காக அவர் அலைய வேண்டியிருந்தது. அவர் ஆடிய பல அரங்குகளில் அவர் இனத்தவருக்கு மேல்மாடத்தின் ஒதுக்குப்புறத்தில்தான் இருக்கை.

நீதியின் வாயிலிலும் அவர் நிறமே சாட்சியாயிற்று. 1908ஆம் ஆண்டில் ஓர் உடுப்பைப் பற்றித் தையற்காரரோடு எழுந்த தகராறு, ஆயுதம் தாங்கிய கொள்ளை என்ற குற்றச்சாட்டாக மாறியது. அவருக்குப் பதினொன்று முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நண்பர்கள் வேறு வழக்கறிஞரை அமர்த்தி உண்மையை வெளிக்கொணர, மறுவிசாரணையில் அவர் விடுதலை பெற்றார். பொய்ச்சாட்சி கூறியோர் மீதே பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. நண்பர்கள் இல்லாதிருந்தால்? அன்று அந்நாட்டுச் சிறைகளில், கேட்பாரற்று எத்தனை பேர் வாடினரோ!

படிக்கட்டு

கூப்பரைப் பிரிந்தபின், மார்ட்டி போர்கின்ஸ் என்ற மேலாளரின் துணையோடு ராபின்சன் தனியே மேடையேறினார். எழுதாச் சட்டம் அவரளவில் முறிந்தது.

அவருடைய கலை 'டாப்' எனப்படும் நடனம். காலணியின் அடிப்பகுதி தரையைத் தட்டி எழுப்பும் ஒலியே அதில் தாளம். அதற்கு முன்னைய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பாதம் முழுவதும் தரையில் பதிய, முழங்காலை வளைத்து ஆடுவர். ராபின்சன் முன்பாதங்களின்மேல் நிமிர்ந்து நின்று ஆடினார். உடல் அலையாது, கைகள் வீசாது, இடுப்புக்கு மேலே ஒரு கனவானின் அமைதி, கீழே மழைத்துளிகள் ஓட்டுக் கூரையில் விழுவதுபோன்ற துல்லியம். பிற்காலத்தவர்போல் உலோகத் தகடுகள் அவர் காலணியில் இல்லை, மரத்தாலான அடிப்பகுதிதான். அதிலிருந்தே ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்கும்.

1918ஆம் ஆண்டளவில், நியூயார்க்கின் புகழ் வாய்ந்த பேலஸ் அரங்கில் அவர் ஒரு புதுமையைக் கொண்டுவந்தார். மேடையின் நடுவே மரத்தாலான சிறிய படிக்கட்டு; ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு ஒலி. ஏறும்போது ஒரு தாளம், இறங்கும்போது வேறொரு தாளம். படிகளே இசைக்கருவியாயின. படிக்கட்டில் ஆடியோர் அவருக்கு முன்னரும் இருந்தனர். ஆனால் அதனை அத்துணை முழுமையாக்கியவர் அவரே. 'படிக்கட்டு நடனம்' என்றால் அவர் பெயரே நினைவுக்கு வரலாயிற்று.

எண்ணிப் பாருங்கள். முன்வாசற் படி மறுக்கப்பட்ட மனிதர், தமக்கென்று ஒரு படிக்கட்டைச் செய்து, அதன்மேல் ஏறி நின்று, தம்மை மறுத்தோரையே எழுந்து நின்று கைதட்ட வைத்தார்.

1928ஆம் ஆண்டு, ஐம்பது வயதை எட்டும் தறுவாயில், பிராட்வே வீதியின் 'பிளாக்பர்ட்ஸ் ஆஃப் 1928' என்ற இசை நிகழ்ச்சியில் அவர் தோன்றினார். நியூயார்க் இதழ்கள் அவரை ஏதோ புதியவர்போல் 'கண்டுபிடித்து' எழுதின. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். பார்க்கத்தான் கண்கள் இல்லை.

ஒரு சிறுமியின் கை

வானொலியும் பேசும் படமும் பரவவே, வாட்வில் மேடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றின் தலைமைப் பீடமாக விளங்கிய பேலஸ் அரங்கே 1932ஆம் ஆண்டில் திரைப்படக் கொட்டகையாக மாறியது. எத்தனையோ கலைஞர்கள் அத்துடன் மறைந்தனர். ராபின்சன் திரைக்குச் சென்றார்.

1935ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி லிட்டில் கர்னல்' என்ற படத்தில், ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தோடு அவர் ஆடினார். படம் எடுக்கப்பட்டபோது அச்சிறுமிக்கு ஆறு வயது. ராபின்சனுக்கு வயது ஐம்பத்தாறு. உறங்கப்போக மறுக்கும் குழந்தையை மாடிப்படிகளில் ஆடி ஆடி அழைத்துச் செல்லும் பணியாளாக அவர் வருகிறார். படிகளில் அவர் தட்ட, சிறுமியும் தட்டப் பழகுகிறாள். இருவரும் கைகோத்து ஏறுகின்றனர். வெள்ளையினத்தவரும் கறுப்பினத்தவரும் இணையாக ஆடிய முதல் ஹாலிவுட் காட்சி அதுவே என்பர்.

அந்தக் கைகோப்பு தென் மாநிலங்களில் திரையிடப்பட்டபோது வெட்டப்பட்டது. ஒரு குழந்தையின் பிஞ்சுக் கையை ஒரு முதியவர் பற்றியிருப்பதைக் காணவும் பொறாத கண்கள் இருந்தன. குழந்தைக்கு அத்தகைய கண்கள் இல்லை. அவள் அவரை 'பில்லி மாமா' என்றே அழைத்தாள். வளர்ந்து, பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகச் சென்றபோதும், 2014ஆம் ஆண்டில் மறையும் வரையிலும், அவரை அன்போடு நினைவுகூர்ந்தாள்.

புன்னகையின் வழக்கு

இனி, அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கையும் நாம் மறைக்காமல் கேட்க வேண்டும்.

அவருடைய இனத்தைச் சேர்ந்த இளைய தலைமுறையினரில் பலர் அவரை ஏற்கவில்லை. "வெள்ளை எசமானர் வீட்டில் சிரித்துக்கொண்டே பணிவிடை செய்யும் வேலைக்காரனாகத்தானே திரையில் தோன்றுகிறார்? அடிமைக் காலம் இனிய காலம் என்ற பொய்க்கு அவர் புன்னகை துணைபோகவில்லையா?" என்று வினவினர். அது பொறாமையால் எழுந்த வினா அன்று. அதில் நியாயம் உண்டு. அப்படங்களை இன்று காணும் எவருக்கும் அவ்வேடங்கள் நெஞ்சை உறுத்தும்.

மறுபுறமும் ஒரு நியாயம் உண்டு. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடங்கள் அவையே. வேறு வேடம் எழுத எவரும் முன்வரவில்லை. 1943ஆம் ஆண்டில், கறுப்பினக் கலைஞர்களே நடித்த 'ஸ்டார்மி வெதர்' என்ற படத்தில்தான், பணியாளாக அன்றி ஒரு நடனக் கலைஞராகவே தலைமை வேடம் ஏற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. அதுவே அவருடைய இறுதிப் படம். இதனிடையே, 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு படத்தில், பிரெட் அஸ்டேர் என்ற வெள்ளையின நடன மன்னர், 'போஜாங்கிள்ஸ்' பெயரால் அமைந்த ஒரு நடனத்தை முகத்தில் கரிய பூச்சுடன் ஆடினார். ராபின்சன் தம் முகத்தில் ஏற்க மறுத்த கரி, அவரைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு வேறொருவர் முகத்தில் ஏறியது!

கொடுக்கும் கை, நழுவும் கை

ராபின்சன் புனிதர் அல்லர். அவ்வாறு அவரைக் காட்டுவது என் நோக்கமும் அன்று. மது அருந்தமாட்டார்; புகை பிடிக்கமாட்டார்; ஐஸ்கிரீமில் மட்டும் அளவற்ற விருப்பம். ஆனால் சூதாட்டம் அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. சீட்டு, பகடை, குதிரைப் பந்தயம் என்று பெரும்பொருளை இழந்தார். கோபம் மிக்கவர், கைத்துப்பாக்கியை உடன் வைத்திருந்தவர். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்றவருக்கு இல்லறம் நிலைக்கவில்லை. மும்முறை மணம் புரிந்தார். முதல் இரண்டும் மணமுறிவில் முடிந்தன.

அதே மனிதரின் மற்றொரு கையையும் பாருங்கள். 1933ஆம் ஆண்டில் பிறந்த ஊராகிய ரிச்மண்டுக்குச் சென்றிருந்தார். கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், வண்டிகள் விரையும் ஒரு நாற்சந்தியைக் குழந்தைகள் உயிரைப் பணயம் வைத்துக் கடப்பதைக் கண்டார். அங்கே போக்குவரத்து விளக்கு இல்லை. மனு எழுதிக் காத்திருக்கவில்லை. தம் சொந்தப் பணத்தைத் தந்து விளக்கை நிறுவச் செய்தார்.

1930ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில், ஒரு பெண்மணியின் பணப்பையைப் பறித்து ஓடிய திருடனை அவர் துரத்தினார். ஓடிவந்த காவலர் அவரையே திருடன் என்று எண்ணிச் சுட்டுவிட்டார். உதவச் சென்றவர் காயமடைந்து மருத்துவமனையில் கிடந்தார்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று உலகை வியக்க வைத்த ஜெஸ்ஸி ஓவன்ஸ், நாடு திரும்பியபின் பிழைப்புக்கு வழியின்றித் தவித்தார். அவருக்குப் பொழுதுபோக்குத் துறையில் வாய்ப்புத் தேடித் தந்தவர் ராபின்சன். நன்றியின் அடையாளமாக ஓவன்ஸ் தம் தங்கப் பதக்கங்களுள் ஒன்றை அவருக்கே அளித்துவிட்டார். அப்பதக்கம் 2013ஆம் ஆண்டில் 14 லட்சம் டாலருக்கும் அதிகமான விலைக்கு ஏலம் போயிற்று. அடக்கச் செலவுக்குப் பணமின்றி இறந்தவர் வீட்டில் அது விற்கப்படாமலே இருந்ததை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

ஏழைகளுக்கும் நலிந்த கலைஞர்களுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் ஊதியமின்றி ஆடுவதை அவர் மறுத்ததேயில்லை என்பர். ஹார்லெம் மக்கள் அவரைத் தங்கள் 'கௌரவ மேயர்' என்று போற்றியது வெறும் ஆட்டத்துக்காக அன்று. 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், எழுபத்தொன்றாம் வயதில், இதய நோயால் அவர் மறைந்தார். அடுத்த மாதமே நியூயார்க் நடனக் கலைஞர்கள் சிலர் அவர் நினைவாகத் தோழமைக் கழகம் ஒன்றை அமைத்தனர். விளக்கு நிறுவிய அதே நாற்சந்தியருகில், 1973ஆம் ஆண்டில், ரிச்மண்ட் மக்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். படிகளில் ஆடியவாறு இறங்கும் கோலத்தில் அச்சிலை அமைந்துள்ளது. அவர் பிறந்த மே 25ஆம் நாளைத் தேசிய டாப் நடன நாளாக 1989ஆம் ஆண்டில் அமெரிக்கா அறிவித்தது.

நாம் எண்ண வேண்டியவை

அன்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அவர் வாழ்க்கை வெற்றியா, வீணா?

கையிருப்பைக் கொண்டு கணக்கிட்டால் அது தோல்வியே. ஆடிச் சேர்த்ததில் ஒரு பகுதி சூதாட்டத்தில் கரைந்தது என்ற உண்மையை இளைஞர்கள் மறக்கலாகாது. தாராள குணம் சூதாட்டத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. கொடுத்ததால் வறியவரானவர் வேறு, ஆடித் தோற்றதால் வறியவரானவர் வேறு. ராபின்சன் இரண்டுமாக இருந்தார். அவரை நம்பியிருந்த இல்லத்தார் அதன் சுமையைச் சுமந்தனர். பொருள் ஈட்டுவோர், கொடுக்கவும் பழக வேண்டும். காக்கவும் பழக வேண்டும்.

ஆனால் ஒரு மனிதனை அளக்கும்போது, அவன் எவ்வளவு உயரம் ஏறினான் என்பதோடு, எத்தனை படிகள் அவனுக்கு மறுக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். ராபின்சனுக்கு விடப்பட்ட இடம் மிகச் சிறியது. அதற்குள் அவர் வளைந்தும் கொடுத்தார், நிமிர்ந்தும் நின்றார். வேலைக்காரன் வேடத்தை ஏற்றார். முகத்தில் கரியை ஏற்கவில்லை. மேடையில் சிரித்தார், தெருவில் குழந்தைகளுக்காக விளக்கு வைத்தார். எங்கே வளைந்தார் என்பதை மட்டும் கண்டவர்கள் அவரை இகழ்ந்தனர். எங்கே நிமிர்ந்தார் என்பதையும் கண்டவர்கள் அவர் உடலைக் காண வரிசையில் நின்றனர்.

இது நம் வீட்டுக்கும் பொருந்தும். நமக்குப் பணிவிடை செய்வோரின் முகத்தில் புன்னகை இருக்கிறது என்பதனாலேயே அவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று நாம் கருதிவிடுகிறோம். அந்தப் புன்னகை சில வேளைகளில் அவர்களுடைய ஊதியத்துக்கு நாம் கேட்கும் கூடுதல் வட்டி. கைதட்டுவது எளிது. நமக்காக உழைப்பவர் எந்த வாயில் வழியாக வருகிறார், எந்தப் பாத்திரத்தில் உண்கிறார், இரவில் எங்கே தலை சாய்க்கிறார் என்று கேட்பதே கடினம். ராபின்சனுக்குக் கைதட்டியவர்களுள் பெரும்பாலோர் அவ்வினாவைக் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சீட்டு வாங்கிக் குடும்பத்தோடு வந்த நல்லவர்களே. அதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பாட்டி பெடிலியா நல்லவர். பேரன் ஆடிய ஆட்டத்தை மட்டும் அவரால் ஏற்க இயலவில்லை. உங்கள் பிள்ளையின் திறமை நீங்கள் எதிர்பார்த்த உருவில் வராமல் இருக்கலாம். அதன் உருவைக் கண்டு கதவை அடைக்குமுன், அதில் ஒழுங்கும் உழைப்பும் உண்டா, அது பிறருக்குப் பயன்படுமா என்று ஆய்ந்து பாருங்கள். கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள், திறமையையே கண்டிக்காதீர்கள்.

ரிச்மண்டின் அந்த நாற்சந்தியில் அவர் நிறுவச் செய்த விளக்கைக் கண்டு வண்டிகள் நின்றன. குழந்தைகள் அச்சமின்றிக் கடந்து பள்ளிக்கும் கடைக்கும் சென்றனர். அதை வைத்தவர் யார் என்று அவர்களுள் பலருக்குத் தெரிந்திராது. அவருக்கு அது பெரிதாகவும் இருந்திராது.